சம்மட்டியும் நூற்று எண்பத்தேழும்

என் அண்ணன் உடைத்த மூக்குகளில் பாதிக்கு மேல் நான்தான் பஞ்சு வைத்திருக்கிறேன். நான் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் காயம் கட்டி, தையல் போடுகிற நர்ஸ். ரத்தம் வழிய ஒருவன் உள்ளே வருவான். என்ன ஆச்சு என்று கேட்டால், தரையைப் பார்த்துக்கொண்டு "விழுந்துட்டேன் சிஸ்டர்" என்பான். விரல் இடுக்கில் நீலச் சுண்ணப்பொடி ஒட்டியிருந்தால் எங்கே விழுந்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். பில்லியர்ட்ஸ் கிளப்பில் குச்சி முனையில் தேய்க்கிற பொடி அது.

"அந்த ரெக்கார்டை இந்தக் காலத்துல உடைக்கலாம்னு சொன்னியா?" என்று கேட்பேன்.

தலையை ஆட்டுவான்.

"சொல்லிட்டுச் சும்மா இருந்தியா, சிரிச்சியா?"

சிரித்திருந்தால் தையல் கூடுதலாக விழும். அண்ணனுக்கு வாக்குவாதம்கூடப் பொறுக்கும், சிரிப்பு பொறுக்காது.

அவனை எல்லாரும் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடம் இடிப்பது அவன் தொழில். பெரிய தெருக்களில் இயந்திரம் வந்து அரை நாளில் இடித்துவிட்டுப் போய்விடும். இயந்திரம் நுழைய முடியாத சந்துகளில், பக்கத்து வீட்டுச் சுவரில் கீறல் விழாமல் இந்த வீட்டுச் சுவரை மட்டும் தள்ள வேண்டும் என்றால் இவனைத்தான் தேடி வருவார்கள். சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றி வருவான். அங்கங்கே தட்டுவான். எங்கே முதல் அடி போட்டால் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியும். சுவர் விழுந்து தூசி எழும்பும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், குழந்தை மாதிரி இருக்கும். மனிதர்கள் விஷயத்தில்தான் எங்கே அடிக்க வேண்டும், எங்கே அடிக்கக் கூடாது என்ற அறிவு அவனுக்குச் சுத்தமாகக் கிடையாது.

அது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அப்பா பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் அண்ணன் என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்பான். எனக்கு விழ வேண்டியதையும் சேர்த்து வாங்குவான். மீசை அரும்புகிற வயதில் ஒரு நாள் பெல்ட்டைப் பிடுங்கி அப்பாவையே விளாசினான். உதடு கிழிந்து, காது கிழிந்து, அப்பா மூலையில் சுருண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் யார் மேலும் கை ஓங்கியதில்லை. பிரச்சினை என்றால் இப்படித்தான் தீரும் என்று அண்ணன் அன்றைக்கு முடிவு கட்டிவிட்டான். அதற்காக அவனை முழுசாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை. அன்று அடி நின்றதே, அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்.

இனி அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இவர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று யாருக்கும் புரியாது.

கிளப்பில் ஆடுவது ஸ்ட்ரெய்ட் பூல். மேஜையில் பதினைந்து வண்ணப் பந்துகள், அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட வேண்டும். விழுந்தால் ஒன்று. ஒரே ஒரு வண்ணப் பந்து மிஞ்சும்போது, விழுந்த பதினான்கையும் எடுத்து முக்கோணச் சட்டத்தில் அடுக்கி மறுபடி மேஜையில் வைப்பார்கள். ஆடுகிறவர் மிஞ்சிய பந்தைக் குழியில் தள்ளி, அதே அடியில் குவியலையும் கலைக்க வேண்டும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. தவறவிடுகிற வரைக்கும் இது ஓயாது. இதற்கு ஓட்டம் என்று பெயர். பார்க்கிற எனக்குக் கொட்டாவிதான் வரும். அவர்களுக்கோ அது கோயில். ஓட்டம் ஐம்பதைத் தாண்டிவிட்டால் கிளப்பில் ஒருத்தரும் பேசக் கூடாது. எண்ணிக்கை சொல்கிற கிளப்காரரைத் தவிர யாருடைய வாயும் திறக்காது. தும்மல் வந்தால் சட்டைக்குள் தும்முவார்கள். ஒருவன் காலில் சிகரெட் விழுந்து சுட்டபோதும் அசையாமல் நின்றான் என்று இன்னும் பெருமையாகச் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது என் வீட்டுக்காரர் ஆகவில்லை. சாவிக் கடையில் வேலை பார்த்த ஒல்லியான ஆள். நான் நர்ஸ் படிப்பில் இருந்தேன். பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு அவரிடம் போனேன். மறுபடி தொலைத்துவிட்டுப் போனேன். அப்புறம் தொலைக்காமலேயே போனேன். அவர் எதுவும் கேட்காமல் இன்னொரு சாவி வெட்டிக் கொடுத்தார். அரத்தால் சாவியைத் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அந்தக் கண்களைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன்.

இது அண்ணன் காதுக்குப் போனது. இடிக்கிற இடத்தில் ஒருவன் என்னையும் அவரையும் சேர்த்து அசிங்கமாக ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறான். அண்ணன் முதலில் அவன் தாடையைப் பெயர்த்தான். அப்புறம் உடம்பெல்லாம் சிமெண்ட் தூசியோடு கிளப்புக்குப் போனான்.

அங்கே அவர் ஆடிக்கொண்டிருந்தார். கிளப் நிறைய ஆட்கள். ஓட்டம் நூற்று எண்பத்தேழைத் தொட்டிருந்தது. அந்தக் கிளப்பில் அதற்கு முன்னால் அதில் பாதிக்குமேல் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அண்ணன் உள்ளே வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த கனமான குச்சி ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்ததைப் பார்த்தார்கள். குனிந்திருந்தவருக்குப் பின்னால் போய் நின்று ஓங்கியதையும் பார்த்தார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டு அவரேதான் திரும்பினார். திரும்பாவிட்டால் பின்மண்டை பிளந்திருக்கும், ஆள் அங்கேயே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். திரும்பியதால் இடது கண். அவர் மேஜை மேலேயே விழுந்தார். பந்துகள் எல்லாம் சிதறி ஓடின. பச்சைத் துணி சிவப்பானது. அப்போதும் ஒரு நொடி யாரும் பேசவில்லையாம்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவன் பிற்பாடு என்னிடம் வந்து, "கத்தலாம்னுதாம்மா நெனச்சேன், ஆட்டம் கெட்டுடுமேன்னு..." என்று இழுத்தான். விட்டேன் ஒரு அறை. எங்கள் வீட்டுக் கை எனக்கும் இருக்கிறது.

போலீஸ் வந்து கேட்டபோது, மேஜை விளிம்பில் விழுந்து அடிபட்டதாக அவர் சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கத்தினேன். "உன் அண்ணன் உள்ள போயிட்டா உங்க அம்மாவ யார் பாத்துப்பா?" என்றார். அங்கேதான் தப்பு நடந்தது. அவர் புகார் கொடுத்திருந்தால் அண்ணன் சில வருடம் உள்ளே கிடந்துவிட்டு, தண்டனை முடிந்தது என்று வெளியே வந்திருப்பான். கொடுக்காததால் தனக்குத் தானே ஒரு தண்டனை தேட வேண்டியதாயிற்று. அதைக் கிளப்காரர் எடுத்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போன அண்ணனிடம் அந்த மனுஷன், "கண்ணு போனது விதி. ஆனா ஒரு ஓட்டத்த நிறுத்திட்டியேடா, பாவி" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் அன்றைக்கே நூற்று எண்பத்தேழு என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்தார். அது அண்ணன் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் அவனிடம் நேரே போய்ச் சொன்னேன். "நான் அவரைத்தான் கட்டிக்கப் போறேன். இன்னொரு கண்ணு மிச்சம் இருக்கு. எடுக்கணும்னா இப்பவே எடுத்துடு, கல்யாணத்துக்கு அப்புறம் வந்து நிக்காத."

அவன் அழுதான். கல்யாணத்துக்கு நாற்காலி தூக்கினான், பந்தல் கட்டினான், எல்லார் எச்சில் இலையையும் எடுத்தான். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்தால் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவான். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவர் பார்வையில் படமாட்டான்.

அவர் அதற்குப் பிறகு குச்சியைத் தொடவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. புதிதில் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார், படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கி வைப்பார். சாவி வெட்டுவது மட்டும் கை பழக்கத்தில் வந்துவிட்டது. ரெக்கார்டைப் பற்றி யார் பேசினாலும் எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

பேசுகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. அந்த ரெக்கார்டை இன்றைக்கு உடைக்க முடியுமா, முடியாதா? கிளப்பில் ஒரு கட்சி, முடியும் என்னும். இப்போதைய துணி வழுக்குகிறது, பந்து தானாக ஓடுகிறது, குச்சி வளைவதில்லை, உலகத்தில் எவன் எப்படி ஆடுகிறான் என்று செல்போனில் பார்த்துப் பழகலாம். இன்னொரு கட்சி, முடியவே முடியாது என்னும். பழைய மேஜையின் குழி வாய் அகலம், இப்போது சுருங்கிவிட்டது. இப்போது ஆடுகிறவர்களுக்கு ஒன்பதே பந்து வைத்து ஆடுகிற குட்டி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகத்தான் அவசரம், இத்தனை நேரம் எவன் பொறுமையாக நிற்பான்? மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. அகலக் குழியில் போட்டதெல்லாம் ஒரு ரெக்கார்டா என்று கேட்கும். அந்தக் கட்சியில் ஆட்கள் கம்மி. இருந்தவர்களை நான் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அண்ணன் எந்தக் கட்சியிலும் இல்லை. அவன் வாதம் வேறு. "அவரு தவறவிட்டாரா? இல்லைல்ல? தவறவே விடாதவர எப்படிடா முந்துவ? நீ இருநூறு போடு, முந்நூறு போடு, எங்கயோ ஒரு இடத்துல தவறவிடுவ இல்ல? அவரு விடல. அவரு ஓட்டம் இன்னும் முடியல." இதைச் சொல்லி முடித்து மூச்சு வாங்குவதற்குள் எதிராளி ஏதாவது சொல்லிவிட்டால் கை போய்விடும்.

ஒருமுறை ஒரு கணக்கு வாத்தியார் காகிதம் பேனாவோடு உட்கார்ந்து, அன்றைக்கு என் வீட்டுக்காரர் தொடர்ந்து ஆடியிருந்தாலும் சராசரியாகப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தவறவிட்டிருப்பார் என்று எல்லாருக்கும் விளக்கினார். அண்ணன் வாத்தியாரின் மேல்வரிசைப் பற்களை உள்ளே தள்ளினான். தடுக்க வந்தவன் கையைத் திருகினான், எலும்பு முறிந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். வாத்தியார் என் முன்னால் வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்து, "கணக்கு என்னவோ சரிதான் சிஸ்டர்" என்றார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் கை முறிவுக்கு அண்ணன் ஜெயிலுக்குப் போனான். அதற்கு முன்னாலும் ஒருமுறை போயிருக்கிறான். இன்னொரு தடவை வந்தால் லேசில் வெளியே விடமாட்டேன் என்று நீதிபதி சொல்லி அனுப்பினார். வெளியே வந்த பிறகு அண்ணி அவனை ஒரு மாதம் வாசலிலேயே படுக்க வைத்தாள்.

இவ்வளவு முரட்டுத்தனத்துக்கு நடுவில் அவனிடம் ஒரு நேர்மை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரெக்கார்டை உடைக்கப் போகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டு ஆடினால், ரெக்கார்டு வைத்திருப்பவரின் தரப்பு ஆள்தான் பந்து அடுக்க வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். அடுக்குகிறவன் நினைத்தால் கெடுக்கலாம். பந்துகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டால் போதும், குவியல் கலையாமல் ஓட்டம் செத்துவிடும். அண்ணன் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. அந்தப் பெரிய கட்டைவிரல்களால் பந்துகளை அழுத்தி, குனிந்து பார்த்து, மறுபடி அழுத்தி, இடைவெளி இல்லாமல்தான் வைப்பான். "கள்ளத்தனமா வெச்சுக் காப்பாத்தினா அது ரெக்கார்டா, பிச்சையா?" என்பான். ஆடுகிறவன் எழுபதிலோ தொண்ணூறிலோ தானாகத் தவறவிடுவான். அண்ணன் பெருமூச்சு விட்டுச் சட்டத்தைத் தூக்கி ஆணியில் மாட்டுவான்.

அப்புறம்தான் வேன்காரப் பெண் வந்தாள். பார்சல் வேன் ஓட்டுகிறவள். வேலை முடிந்ததும் கிளப்புக்கு வந்து தனியாக ஆடிக்கொண்டிருப்பாள். யாருடனும் வாக்குவாதத்துக்குப் போகமாட்டாள். பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "டிராஃபிக்ல நின்னு நின்னு வந்துச்சு" என்பாள். பழக்கத்துக்கு ஆடும்போதே நூற்று அறுபதைத் தாண்டினாள். வரும் விடுமுறை நாளில் முறைப்படி ஆடப் போவதாகக் கிளப்காரரிடம் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே அண்ணன் அவள் வேனின் முன் கண்ணாடியைச் சம்மட்டியால் நொறுக்கினான். அவள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்சல் கொடுக்க வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். கன்னத்தில் கண்ணாடித் துண்டு கீறியிருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

"சிஸ்டர், அடுத்து என் விரல ஒடப்பேன்னு உங்க அண்ணன் சொல்றாரு. ஒடச்சா சரியாக எத்தன நாள் ஆகும்?"

"எந்த விரல்ங்கறதப் பொறுத்தது. ஏம்மா, உனக்கு இது தேவையா? அவன் கோபத்துல என்ன செய்வான்னு அவனுக்கே தெரியாது."

"வேன் கண்ணாடி கம்பெனியோடது, விரல் என்னோடது. நான் பாத்துக்கறேன்" என்றாள். "என்னால முடியுமா முடியாதான்னு அங்க எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தரும் என்ன ஆடச் சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் அண்ணனைத் தேடி ஒரு சந்துக்குள் போனேன். மாடிச் சுவரில் நின்று இடித்துக்கொண்டிருந்தான். கீழே இறங்கி வரச் சொன்னேன்.

"அவ தலையில கை வெச்ச, நான் உனக்குத் தங்கச்சியே இல்ல."

"தலையில ஏன் வெக்கறேன்? விரல்லதான்."

"அண்ணே, இந்தத் தடவ உள்ள போனா வெளிய வரமாட்ட. அது ஒரு விளையாட்டு. உடைஞ்சா உடையட்டும், விடு."

அவன் சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். "பாப்பா, அது உடைஞ்சா மாப்பிள்ளைகிட்ட வேற என்ன இருக்கு? ஒத்தக் கண்ணு, ஒரு சாவிக் கடை. நான் அவர் ஓட்டத்த நிறுத்திட்டேன்னு சொல்றாங்க. இல்ல, தள்ளிதான் வெச்சிருக்கேன். அத யாரும் தாண்டாத வரைக்கும் அது நிக்குது. தாண்டிட்டா, நான் அவரக் கொன்ன மாதிரி."

சாவிக் கடைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடமாக இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர், அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றார்.

விடுமுறை நாள் மதியம் நாங்கள் கிளப்புக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் போய், இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் கிளப் முழுவதும் அவர் கண்ணில் இருக்கும். அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். சாக்கில் சுற்றிய சம்மட்டி கதவோரம் சாய்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

முதல் இரண்டு முறை அவள் சீக்கிரமே தவறவிட்டாள். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டாள். ஐம்பது தாண்டியது, வாய்கள் மூடின. கிளப்காரர் எண்ணுகிற குரல், பந்து குழியில் விழுகிற சத்தம், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன் வந்து பந்துகளை அடுக்கினான். நூறு தாண்டியதும் அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பது தாண்டியதும் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்போதும் அதே மாதிரி அழுத்தி, குனிந்து பார்த்து, இடைவெளி இல்லாமல்தான் வைத்தான்.

"நூத்தி எண்பத்தேழு" என்றார் கிளப்காரர். சமம்.

அவள் குச்சி முனைக்குப் பொடி தேய்த்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தாள். அண்ணன் கதவுப் பக்கம் போனான். சாக்கை உருவிப் போட்டான். சம்மட்டியோடு திரும்பி வந்தான். அவள் குனிந்து இடது கையைத் துணிமேல் ஊன்றி, விரல்களுக்கு நடுவே குச்சியை வைத்திருந்தாள். அவன் அந்தக் கைக்கு மேலே சம்மட்டியைத் தூக்கினான். அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

"டேய், அண்ணே!" என்று நான் கத்தினேன். எனக்கு அவர்கள் ஆட்டமும் வேண்டாம், வழக்கமும் வேண்டாம்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சம்மட்டி அப்படியே மேலே நின்றது. மேஜையையே உடைக்கப் போகிறான் என்று தெரிந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து போய், அவள் கை இருந்த இடத்தில் தன் கையை விரித்து வைத்தார்.

"மச்சான், கொஞ்சம் கேளுங்க. அன்னைக்கு அடுத்த பந்த நான் தவறவிட்டிருப்பேன்."

"என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?"

"வெள்ளைப் பந்து ரெண்டு பந்துக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எந்தக் குழிக்கும் வழி இல்ல. நீங்க வந்தப்ப நான் குறி பாக்கல, என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். ஓட்டம் அங்கயே முடிஞ்சு போச்சு. நீங்க நிறுத்தல."

அன்றைக்குப் பந்துகள் எப்படி நின்றன என்று யாருக்குத் தெரியும்? அப்போது எல்லாரும் ஓங்கிய குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளப்காரர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சம்மட்டி மெதுவாகக் கீழே வந்தது. "இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே, மச்சான்."

அண்ணன் முகம் அப்படியே மாறியது. அவனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் நல்லவனாக இருக்கத் தெரியாது. "அப்ப நான் எதுக்கு இத்தன பேர அடிச்சேன்? எதுக்கு ஜெயிலுக்குப் போனேன்?" என்று கேட்டுக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்து முகத்தில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து ரத்தம் தெறித்தது. மறுபடி கையை ஓங்கினான். அந்தக் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். வலது கண் பக்கம்.

பக்கத்து மேஜையில் கிடந்த பந்து ஒன்றை எடுத்து, என் பலம் எல்லாவற்றையும் சேர்த்து அண்ணன் நெற்றியைப் பார்த்து எறிந்தேன். சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது. அவன் முதலில் ஆடினான், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து மொத்தமாக விழுந்தான். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணை மூடியது.

இப்போது எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். போலீஸைக் கூப்பிடு என்றான் ஒருவன், தண்ணி கொண்டா என்றான் இன்னொருவன். வேன்காரப் பெண் குச்சியால் தரையில் ஓங்கித் தட்டினாள்.

"கொஞ்சம் வாய மூடறீங்களா? என் ஓட்டம் இன்னும் முடியல."

தரையில் கிடந்த அண்ணன் ஒரு கையைத் தூக்கினான். "பேசாதீங்கடா" என்றான்.

அவள் போட்டாள். நூற்று எண்பத்தெட்டு. யாரும் கைதட்டவில்லை, ஓட்டம் நடந்துகொண்டிருந்ததல்லவா. அடுத்துப் பந்து அடுக்க வேண்டி வந்தபோது அண்ணன் எழப் பார்த்தான், முடியவில்லை. என் வீட்டுக்காரர் உதட்டைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு போய், இன்னொரு கையால் தடவித் தடவிப் பந்துகளை அடுக்கி, இடைவெளி இருக்கிறதா என்று விரலால் பார்த்து வைத்தார். இருநூற்று மூன்றில் அவள் தவறவிட்டாள். இன்றைக்கு முடியுமா முடியாதா என்ற பேச்சு அதோடு தீர்ந்தது.

அவளே எங்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். முன் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்த அதே வேன். அண்ணன் முன் இருக்கையில் தலையில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் அவரும் பின்னால் பார்சல் பெட்டிகளுக்கு நடுவில்.

"நெஜமாவாங்க? தவறவிட்டிருப்பீங்களா?" என்று காதோடு கேட்டேன்.

அவர் முன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "குழி வாய்லயே நின்னுச்சு. ஊதியிருந்தாலே விழுந்திருக்கும். அதுக்கு அடுத்ததும் தெரிஞ்சுது, அதுக்கு அடுத்ததும் தெரிஞ்சுது. அன்னைக்கு என்ன யாராலயும் நிறுத்தியிருக்க முடியாது" என்றார். அப்புறம் உதட்டைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்து, திரையை இழுத்துவிட்டு, காயத்தைக் கழுவினேன். எலும்பில் ஒன்றுமில்லை, தையல் போட வேண்டும். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"பாப்பா."

"என்ன?"

"மாப்பிள்ளை சொன்னது நெஜமா? உங்கிட்ட முன்னாடி எப்பவாவது சொல்லியிருக்காரா?"

திரைக்கு அந்தப் பக்கம் அவர் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே பேசுவது அவருக்குக் கேட்கும்.

"நெஜம்தான்" என்றேன். "கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லிட்டாரு."

அண்ணன் கண்ணை மூடினான். ஏறி நின்ற நெஞ்சு மெல்ல இறங்கியது. இத்தனை வருடத்தில் அவன் முகம் அவ்வளவு லேசாகி நான் பார்த்ததில்லை. சிரித்தேவிட்டான்.

"அப்பாடா" என்றான். "அப்ப வெறும் கண்ணு மட்டும்தான் போச்சு."

என் கை நின்றுவிட்டது. குழி வாயிலேயே நின்றது என்பது நுனி நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் அவன் திரும்ப எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். எழுந்தால் நாளைக்கு எத்தனை பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்தக் கட்டிலுக்கு வருவார்கள் என்றும் தெரியும். நான் அந்த வார்த்தையை விழுங்கினேன். மரத்துப்போகப் போடுகிற ஊசியை ஏற்கனவே மருந்து ஏற்றித் தட்டில் வைத்திருந்தேன். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, தையல் ஊசியை எடுத்து அப்படியே குத்தினேன்.

"ஐயோ, பாப்பா! வலிக்குது!"

"வலிக்கட்டும்" என்றேன்.